கோளத்தைத் தேடிப் போன கதிர்

கம்ப்யூட்டர் கேம்களில் மழை ஓய்ந்த தெருவைப் பார்த்திருப்பீர்கள். தேங்கி நிற்கும் தண்ணீரில் கடைப் பலகையின் நியான் வெளிச்சம் நெளியும். ஓடும் காரின் கண்ணாடியில் எதிர்வரிசைக் கட்டடங்கள் வளைந்து தெரியும். இதைச் செய்து தருவது ரே டிரேசிங். திரையின் ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் ஒரு கதிரைக் காட்சிக்குள் அனுப்ப வேண்டும். அது முதலில் எதில் மோதுகிறது, அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புகிறது, அந்த இடத்தில் வெளிச்சமா நிழலா என்று கணக்கிட வேண்டும். வந்த விடையை அந்தப் பிக்சலுக்கு நிறமாகப் பூச வேண்டும். முறை இவ்வளவுதான். இன்று கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்லித்தான் விலை விசாரிக்கிறார்கள்.

இதே முறையைக் கொண்டாடும் இன்னொரு கூட்டமும் உண்டு. சொந்தமாக ஒரு நிரல் மொழியை உருவாக்குகிறவர்கள் அவர்கள். மாதக்கணக்கில் உட்கார்ந்து கம்பைலர் எழுதி, ரெஜிஸ்டர், ஸ்டாக் என்று கணினியின் அடிமட்டம் வரை தொடும் ஒரு மொழியைச் செய்து முடித்ததும், அது உண்மையிலேயே தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனை வேண்டும். ஒரு வரி வணக்கத்தைத் திரையில் அச்சிட்டுக் காட்டினால் போதாது. அப்போது அவர்களில் பலர் எழுதுவது ஒரு ரே டிரேசர். அதில் முதலில் வரும் படம் பெரும்பாலும் ஒரு கோளம். வீட்டில் செய்த மொழிக்கும் பளபளக்கும் கோளத்துக்கும் இந்த உறவு எப்படி ஏற்பட்டது? கதை அலெக்சாந்திரியாவில் தொடங்குகிறது.

கி.மு. 300 வாக்கில் அங்கே யூக்ளிட் ஒளியியல் பற்றி ஒரு நூல் எழுதினார். கண்ணிலிருந்து நேர்கோடுகள் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகின்றன, அதனால்தான் பார்க்கிறோம் என்பது அதன் அடிப்படை. இந்தியாவில் நியாய தரிசனத்தாரும் கண்ணிலிருந்து ஒரு நுண்ணிய கதிர் வெளியே சென்று பொருளைத் தொட்ட பிறகே காட்சி உண்டாகிறது என்று வாதிட்டார்கள். பௌத்தர்கள் அதை மறுத்தார்கள். கண்ணிலிருந்து எதுவும் கிளம்புவதில்லை என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் நேர்கோட்டை எந்த முனையிலிருந்து தொடங்கினாலும் அது அதே கோடுதான். அதனால் யூக்ளிட்டின் இயற்பியல் உதிர்ந்துபோனாலும் வடிவியல் அப்படியே நின்றது. பிற்காலத்தில் கணினிகளுக்கு மிகவும் தேவைப்பட்டது அந்த வடிவியல்தான்.

கதிர் அடுத்து பாக்தாதில் தலைகாட்டுகிறது. சுமார் 984இல் இப்னு சஹ்ல் என்ற கணித அறிஞர், சூரிய ஒளியை ஒரே புள்ளியில் குவித்துப் பொருளை எரிக்கும் ஆடிகளையும் லென்ஸுகளையும் பற்றி எழுதினார். ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதற்கு அவர் பயன்படுத்திய விகிதம், இன்று ஸ்னெல் விதி என்று பாடப்புத்தகத்தில் வரும் அதே விதி. அந்த நூலின் கையெழுத்துப் பிரதி சிதறி, ஒரு பகுதி டமாஸ்கஸிலும் இன்னொரு பகுதி தெஹ்ரானிலும் கிடந்தது. ரோஷ்தி ராஷித் என்ற ஆய்வாளர் அவற்றை ஒன்றுசேர்த்துப் படித்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்குள் ஐரோப்பா அந்த விதியைத் தானே தேடிக் கண்டுபிடித்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யூக்ளிட்டின் திசையைத் திருப்பிப் போட்டார். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று சோதனைகளோடு நிறுவினார். அவருடைய பெரிய நூலில் ஒரு கணக்கு பிரபலம். கோள வடிவ ஆடி ஒன்று, விளக்கு ஒன்று, கண் ஒன்று. ஆடியின் எந்தப் புள்ளியில் பட்டு விளக்கின் ஒளி கண்ணுக்கு வரும்? கேட்க எளிது, செய்தால் நாற்படிச் சமன்பாட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ரே டிரேசர் இந்தச் சிக்கலுக்குள் நுழைவதே இல்லை. கண்ணிலிருந்து கதிரைக் கிளப்பி, அது கோளத்தில் எங்கே படுகிறதோ அங்கிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறது. அதற்கு இருபடிச் சமன்பாடு போதும். இப்னு அல்-ஹைதம் நிராகரித்த திசையிலேயே கணக்கு எளிதாக இருக்கிறது.

அவருடைய நூல் கிழக்கே பாரசீகத்துக்கும் மேற்கே லத்தீன் மொழிக்கும் பயணம் செய்தது. அதனால் ஓர் அபூர்வமான தற்செயல் நடந்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் தியோடரிக் என்ற துறவியும், ஒருவரை ஒருவர் அறியாமல், வானவில்லை விளக்க அதே வழியைப் பிடித்தார்கள். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை ஒரு பெரிய மழைத்துளியாக வைத்துக்கொண்டார்கள். கதிர் உள்ளே நுழையும்போது வளைந்து, பின்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியேறும்போது மறுபடி வளைவதைத் தடம் பிடித்தார்கள். கதிரும் கோளமும் சேர்ந்து நடந்த முதல் பெரிய பயணம் இது.

1525இல் நியூரம்பர்க் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அளவியல் பற்றி ஒரு கையேடு அச்சிட்டார். அதில் ஒரு மரச்செதுக்குப் படம். மேசையின் ஒரு முனையில் ஒரு லூட் வீணை கிடக்கிறது. நடுவில் ஒரு மரச்சட்டம். சுவரில் அடித்த வளையம் வழியாக ஒரு நூல், மறுமுனையில் எடைக்கல் தொங்க, சட்டத்தின் ஊடாக வீணை வரை நீள்கிறது. ஓர் ஆள் நூலின் நுனியை வீணையின் மேல் ஒரு புள்ளியில் வைக்கிறார். நூல் சட்டத்தை எந்த இடத்தில் கடக்கிறது என்பதை இன்னொரு ஆள் இரண்டு குறுக்கு நூல்களால் குறிக்கிறார். பிறகு நூலை விலக்கிவிட்டு, சட்டத்தில் கதவு மாதிரி பொருத்திய தாளை மூடி அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். மறுபடி நூல், மறுபடி புள்ளி. சுவர் வளையம்தான் கேமரா, நூல்தான் கதிர், தாளில் விழும் புள்ளிதான் பிக்சல். ரே டிரேசரின் எல்லா உறுப்புகளும் அங்கே இருக்கின்றன. கணினி இருக்க வேண்டிய இடத்தில் பொறுமைசாலிகள் இருவர் நிற்கிறார்கள்.

நூலுக்குப் பதிலாக எண்களை வைத்தவர் பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட். 1637இல் வெளியான நூலில் அவர் வானவில்லுக்குத் திரும்பி வந்தார். மழைத்துளி என்னும் கோளத்தின் மேல் வெவ்வேறு உயரங்களில் விழும் கதிர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒளிவிலகல் விதியை வைத்துக் கணக்கிட்டு, வெளியேறும் கோணங்களை அட்டவணையாகப் போட்டார். கதிர்கள் 42 பாகைக்கு அருகே வந்து குவிந்தன. வானவில் வானத்தில் நிற்கும் இடமும் அதுதான். ஒரு கோளம், பல கதிர்கள், ஒரு அட்டவணை. கையால் ஓட்டிய ரே டிரேசிங்.

அடுத்த தாவல் 200 ஆண்டுகள் தள்ளி, வியன்னாவில். 1839இல் டாகெரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது ஓர் ஆளைப் படம் எடுக்க அவர் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. லென்ஸ் அவ்வளவு மங்கல். கணிதப் பேராசிரியர் யோசஃப் பெட்ஸ்வால், கண்ணாடிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, முதலில் கதிர்களைக் காகிதத்தில் ஓட்டிப் பார்த்து லென்ஸை வடிவமைக்கத் துணிந்தார். மடக்கை அட்டவணையோடு நடக்கும் அந்தக் கணக்கு ஓர் ஆளால் முடிகிற வேலை இல்லை. ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் தலைவராக இருந்த ஆர்ச்டியூக் லுட்விக் உதவிக்கு வந்தார். குண்டின் பாதையைக் கணக்கிடப் பழகிய பீரங்கி வீரர்களை அவரிடம் ஒப்படைத்தார். குண்டுக்குக் கணக்குப் போட்டவர்கள் ஒளிக்குக் கணக்குப் போட்டார்கள். 1840இல் வெளிவந்த அந்த லென்ஸ் அப்போதிருந்தவற்றைவிடச் சுமார் 16 மடங்கு ஒளியை உள்ளே விட்டது. நிமிடங்கள் நொடிகளாகச் சுருங்கின.

வணிகம் உடனே விழித்துக்கொண்டது. லென்ஸைச் செய்து விற்ற ஃபொய்க்லண்டர் நிறுவனம் செழித்தது. பெட்ஸ்வாலுக்குக் கிடைத்தது ஒரு சிறு தொகை. இரு தரப்புக்கும் பகை மூண்டது. அதற்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆளாளுக்கு அந்த லென்ஸை நகலெடுத்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். பின்னாளில் அதே அமைப்பு சினிமா புரொஜெக்டர்களுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. கதிர்க் கணக்கு லென்ஸ் தொழிலின் அன்றாட வேலையாகி, அடுத்த நூறு ஆண்டுகள் மடக்கை அட்டவணைகளிலும் கைச்சுழற்றிக் கணக்கு இயந்திரங்களிலும் ஓடியது.

கதிர் லென்ஸைத் தாண்டிப் படம் வரையப் போனது அணுகுண்டின் வழியாக. 1946இல் லாஸ் அலமோஸ் விஞ்ஞானி ஸ்டானிஸ்லாவ் உலாம் நோயிலிருந்து தேறிவரும் நாட்களில் தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியில் முடியும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரம் போட முயன்று களைத்தார். நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணினால் போதாதா என்று அப்போது தோன்றியது. அந்த யோசனையைக் கணித அறிஞர் ஜான் ஃபான் நியூமனிடம் சொன்னார். நியூட்ரான்கள் ஒரு பொருளுக்குள் எப்படிப் பட்டுத் தெறித்துப் போகின்றன என்பதைக் குருட்டாம்போக்கில் திசை தேர்ந்து, ஒவ்வொன்றாகத் தடம் பிடித்து எண்ணலாம் என்று இருவரும் வகுத்தார்கள். மான்டி கார்லோ முறை அப்படிப் பிறந்தது. சீட்டாட்டத்திலிருந்து வந்த இந்த யோசனை, பிற்பாடு அனிமேஷன் படங்களின் மெல்லிய நிழல்களுக்குள் வந்து சேரும்.

1960களில் நியூயார்க் மாநிலத்தில் மேஜி என்ற நிறுவனம் கதிரியக்கக் கணக்கையே தொழிலாக நடத்தியது. கவசத்துக்குள் கதிர்வீச்சு எவ்வளவு ஊடுருவும் என்று பார்க்க, முப்பரிமாண வடிவங்களின் வழியே கதிர்களை ஓட்டும் நிரல் அவர்களிடம் இருந்தது. காமா கதிருக்குப் பதில் ஒளிக்கதிர் என்று வைத்துக்கொண்டால் அதே நிரல் படம் வரையுமே என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். 1971இல் அங்கிருந்த கோல்ட்ஸ்டீனும் நேகலும் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். 1982இல் டிஸ்னியின் ‘ட்ரான்’ படத்தில் சீறிப் பாயும் ஒளி மோட்டார் சைக்கிள்களை வரைந்தது அதே மேஜிதான். அமெரிக்க இராணுவத்தின் பாலிஸ்டிக்ஸ் ஆய்வகத்தில், தோட்டா ஒரு டாங்கியின் எந்தெந்தப் பாகத்தைத் துளைத்துப் போகும் என்று பார்க்கவும் இதே உத்தி பயன்பட்டது. அங்கே பிஆர்எல்-கேட் என்ற மென்பொருளை உருவாக்கிய மைக் மூஸ், நெட்வொர்க் வேலை செய்கிறதா என்று நாம் இன்றும் தட்டிப் பார்க்கும் ‘பிங்’ கட்டளையை எழுதியவர்.

இதற்கு இடையில், 1968இல், ஐபிஎம்மின் ஆர்தர் ஆப்பெல் தனி வழியில் அதே இடத்துக்கு வந்திருந்தார். பொறியியல் வரைபடங்களுக்கு நிழல் கொடுப்பது அவர் நோக்கம். பார்ப்பவரிடமிருந்து ஒரு கதிர். அது படும் புள்ளியிலிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கதிர். இடையில் ஏதாவது மறித்தால் அங்கே நிழல். பேனா பிடித்துக் கோடு இழுக்கும் பிளாட்டரில் சிறியதும் பெரியதுமான கூட்டல் குறிகளால் அந்த நிழல்களை வரைந்து காட்டினார். வெறும் கம்பிச்சட்டப் படத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு கணக்குப் பிடித்ததால், கதிர் சிறிது காலம் ஒதுங்கி நின்றது. அதற்கு ஒரு நல்ல வீடு தேவைப்பட்டது.

அந்த வீட்டை வேறு சிலர் தங்கள் சொந்தத் தேவைக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1969இல் பெல் லேப்ஸ் நிறுவனம் மல்டிக்ஸ் என்ற பெரிய திட்டத்திலிருந்து விலகியது. கென் தாம்சன், அதிகம் யாரும் தொடாத ஒரு பிடிபி-7 கணினியைப் பிடித்து யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். அதில் வசதியாக எழுத ஒரு மொழி வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜின் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் செய்த பிசிபிஎல் மொழியை அந்தச் சின்ன நினைவகத்துக்குள் அடங்குமளவு சுருக்கி ‘பி’ என்று பெயரிட்டார். யாரும் கேட்டுச் செய்த மொழி அன்று அது. செய்தவர்கள் தங்கள் கைக்காகச் செய்துகொண்ட கருவி.

‘பி’ மொழியில் ஒரே ஒரு வகை உண்டு: கணினியின் ஒரு ‘வேர்ட்’. எண்ணும் முகவரியும் எல்லாமே அதில்தான். குழு பிடிபி-11 கணினிக்கு மாறியபோது இடித்தது. அதன் வேர்ட் 16 பிட். தசம எண்களைக் கணக்கிடும் வன்பொருள் விரைவில் வரும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லியிருந்தார்கள். 16 பிட்டுக்குள் ஒரு தசம எண் அடங்காது. டெனிஸ் ரிச்சி அந்த மொழிக்கு ‘டைப்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்ததற்கு எழுத்துகளைக் கையாள்வதில் இருந்த தொல்லையோடு இதுவும் ஒரு காரணம் என்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அப்படி உருவானது ‘சி’. 1973இல் யூனிக்ஸின் கருவே ‘சி’யில் திருப்பி எழுதப்பட்டது.

‘சி’க்கு இன்னொரு பண்பும் இருந்தது. அதில் ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கலாம். விஞ்ஞானிகள் பயன்படுத்திய ஃபோர்ட்ரானின் அன்றைய தரநிலை அதை அனுமதிக்கவில்லை. லென்ஸ் கணக்குக்கு அது தேவையும் இல்லை. கதிர் எந்தெந்தக் கண்ணாடியை எந்த வரிசையில் கடக்கும் என்பது முன்பே தெரியும். ஆனால் ஒரு ஆடிக்குள் இன்னொரு ஆடி தெரியும் காட்சியில், ஒரு கதிர் எத்தனை முறை திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பெல் லேப்ஸிலேயே, நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் வேலை பார்த்த டர்னர் விட்டெட் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆப்பெலின் கதிர் முதல் மோதலிலும் நிழலிலும் நின்றுவிட்டது. விட்டெட் அதைத் தொடர விட்டார். கதிர் பளபளப்பான பரப்பில் பட்டால் எதிரொளிக்கும் திசையில் ஒரு புதிய கதிர்; கண்ணாடியில் பட்டால் உள்ளே வளைந்து ஒன்று; விளக்கை நோக்கி ஒன்று. ஒவ்வொரு புதிய கதிருக்கும் அதே ஃபங்ஷனை மறுபடி அழைத்தால் போதும். 1979இல் அறிமுகப்படுத்தி 1980 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில் வந்த படம் கிராபிக்ஸ் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது: கட்டம் போட்ட தரைக்கு மேலே மிதக்கும் ஒரு கண்ணாடிக் கோளமும் அதன் பின்னால் ஓர் ஆடிக் கோளமும். நிரல் ‘சி’யில் எழுதப்பட்டது. 640க்கு 480 பிக்சல் அளவுள்ள அந்தப் படத்தை வரைய வாக்ஸ்-11/780 கணினிக்கு 74 நிமிடம் ஆனது, அதாவது நொடிக்குச் சுமார் 70 பிக்சல். அல்-ஃபாரிசியும் டெகார்ட்டும் கையில் வைத்திருந்த அதே கோளம், வீட்டுத் தேவைக்காகச் செய்த ஒரு மொழிக்குள் வந்து உட்கார்ந்தது.

அதன்பின் நகலெடுப்பவர்களின் காலம். 1986இல் எரிக் கிரஹாம், அமிகா என்ற வீட்டுக் கணினியில், உடல் முழுக்கக் கோளங்களாலேயே ஆன ஒரு வித்தைக்காரன் ஆடிப் பந்துகளை வீசிப் பிடிக்கும் அசைபடத்தை வரைந்தார். 24 பிரேம்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் ஒரு மணி நேரம். கைகால்கூடக் கோளங்களாக இருந்ததற்குக் காரணம், மோதலைக் கணக்கிட அவ்வளவு எளிதான வடிவம் வேறில்லை. அதே காலத்தில் டேவிட் பக் என்பவர் யாரோ எழுதிய ஒரு யூனிக்ஸ் ரே டிரேசரை அமிகாவுக்கு மாற்றிப் பார்த்தார். திருப்தி வராமல் சொந்தமாக ஒன்று எழுதி இலவசமாக விட்டார். அதை எடுத்துக்கொண்ட ஒரு தன்னார்வக் குழு 1991இல் போவ்-ரே என்ற பெயரில் வளர்த்தது. 2002இல் விண்வெளி நிலையத்துக்குப் போன மார்க் ஷட்டில்வொர்த் அங்கேயே போவ்-ரேயில் ஒரு படத்தை வரையவைத்தார்.

நிரல் சுருங்கியும் பயணம் செய்தது. 1987இல் பால் ஹெக்பர்ட், ‘சி’யில் யார் மிகச் சிறிய ரே டிரேசரை எழுதுவது என்று ஒரு போட்டி நடத்தினார். விசிட்டிங் கார்டில் அச்சிடும் அளவுக்கு அதைக் குறுக்கலாம் என்பது அவர் யோசனை. கோளம், நிழல், எதிரொளிப்பு, ஒளிவிலகல் எல்லாமே அந்த அட்டைக்குள் அடங்கின.

சினிமா மட்டும் தயங்கியது. 1984இல் லூகாஸ்ஃபில்மின் ராபர்ட் குக்கும் கூட்டாளிகளும் கதிர்களைச் சற்றே சிதறவிட்டு மெல்லிய நிழலையும் அசைவின் மங்கலையும் கொண்டுவந்தார்கள். 1986இல் ஜேம்ஸ் கஜியா, ஒளி ஒரு காட்சிக்குள் பரவுவதை ஒரே சமன்பாட்டில் எழுதி, அதற்கு விடைகாண உலாமின் சீட்டாட்ட வழியைக் கையிலெடுத்தார்: திசையைத் தற்செயலாகத் தேர்ந்தெடு, தடம் பிடி, சராசரி எடு. ஆனால் கணினிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1995இன் ‘டாய் ஸ்டோரி’ ரே டிரேசிங் இல்லாமலேயே வெளிவந்தது. 2006இல் ‘கார்ஸ்’ படத்தின் வண்டிகள் மின்ன வேண்டியிருந்தபோதுதான் பிக்ஸார் எதிரொளிப்புகளுக்குக் கதிரைப் பெரிய அளவில் அழைத்தது. 2018இல் என்விடியா, நொடிக்கு 1,000 கோடி கதிர்களைக் கையாளும் என்று சொல்லி ஆர்டிஎக்ஸ் சில்லுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விட்டெட்டும் அந்த நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றியவர்.

வன்பொருள் இவ்வளவு வளர்ந்த பிறகும், கையால் எழுதும் சின்ன ரே டிரேசர் அழியவில்லை, இன்னும் பரவியது. 2000ஆம் ஆண்டின் ஐசிஎஃப்பி நிரல் போட்டியில் கலந்துகொண்டவர்கள் மூன்றே நாளில் ஒரு சிறு மொழிக்கு இன்டர்பிரெட்டரும், அந்த மொழியில் விவரித்த காட்சியை வரையும் ரே டிரேசரும் செய்ய வேண்டியிருந்தது. 2016இல் பீட்டர் ஷெர்லி, ஒரு வாரக் கடைசியில் எழுதி முடிக்கலாம் என்ற உறுதிமொழியோடு ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவர் ‘சி++’இல் எழுதியதை ரஸ்ட், கோ, ஜிக் என்று வாசகர்கள் மாற்றி எழுதித் தள்ளினார்கள். அவர்களில் சிலர், தாங்களே செய்த மொழியிலும்.

அப்படி ஒருவர் தன் மொழியில் ரே டிரேசர் எழுதும்போது என்ன நடக்கிறது என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். கண் தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. நேர் எதிரே 5 அலகு தூரத்தில் 1 அலகு ஆரமுள்ள கோளத்தின் மையம். நடுப் பிக்சல் வழியே போகும் கதிருக்குச் சமன்பாடு இப்படி வரும்: தூரத்தின் வர்க்கம், கழித்தல் 10 மடங்கு தூரம், கூட்டல் 24, சமம் 0. விடைகள் 4, 6. கதிர் கோளத்துக்குள் நுழைவது 4இல், வெளியேறுவது 6இல். சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். வர்க்கமூலத்துக்கு உள்ளே இருக்கும் எண் எதிர்மறையாக வந்தால் கதிர் கோளத்தைத் தொடவே இல்லை. இதற்குத் தேவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், ஒரு வர்க்கமூலம். இன்றைய மடிக்கணினிச் சில்லில் வர்க்கமூலம் ஒரே ஒரு கட்டளை. எந்த நூலகத்தையும் இரவல் வாங்க வேண்டாம்.

பிறகு மொழியின் பலவீனங்கள் படத்திலேயே தெரியத் தொடங்கும். சாதாரணக் கோளம் சரியாக வந்து, ஆடிக் கோளத்தைச் சேர்த்ததும் நிறங்கள் குழம்பினால், கம்பைலர் எழுதியவருக்கு அது ஒரு துப்பு. எக்ஸ்86-64 லினக்ஸ் ஒப்பந்தப்படி, தசம எண்களை வைத்திருக்கும் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களில் எதையும் அழைக்கப்படும் ஃபங்ஷன் காப்பாற்றித் தர வேண்டியதில்லை. அழைப்பவர்தான் தேவையானதை ஸ்டாக்கில் போட்டுவிட்டுப் போக வேண்டும். கம்பைலர் அதை மறந்திருந்தால், எதிரொளிப்புக் கதிருக்காக அதே ஃபங்ஷனை அழைத்துத் திரும்பும்போது முதல் கதிரின் எண்கள் அழிந்திருக்கும். எண்களை வரிசையாக அச்சிட்டுத் தேடினால் பல மணி நேரம் பிடிக்கும் பிழை, படத்தில் ஒரே பார்வையில் பிடிபடும்.

கோளத்தின் மேல் கரும்புள்ளிகள் மணல் தூவினாற்போல் வந்தால் கதை வேறு. மோதும் தூரம் 4 என்று வர வேண்டிய இடத்தில், தசமக் கணக்கின் தோராயத்தால் நான்கை விடத் துளி கூடுதலாக வந்துவிடும். புள்ளி கோளத்தின் உட்பக்கம் விழும். அங்கிருந்து விளக்கை நோக்கிப் புறப்படும் கதிர் அதே கோளத்தின் தோலில் இடித்து, நிழல் என்று தவறாகச் சொல்லிவிடும். 0.001க்குக் குறைந்த தூரத்தில் வரும் மோதல்களை ஒதுக்கிவிட்டால் புள்ளிகள் மறையும்.

படத்தைச் சேமிக்கவும் பழைய பயணி ஒருவர் உதவுகிறார். 1980களில் ஜெஃப் பாஸ்கன்சர், படங்களைச் சாதாரண எழுத்துகளாகவே மின்னஞ்சலில் அனுப்ப ஒரு வடிவம் செய்தார்; அதன் வண்ணத் தம்பிதான் பிபிஎம். முதல் வரியில் ‘பி3’, பிறகு அகலமும் உயரமும், பிறகு 255, அதன்பின் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். எண்ணை அச்சிடத் தெரிந்த எந்த மொழியும் படம் வரைந்துவிடலாம்.

கதிர் இவ்வளவு தூரம் வந்ததன் காரணம் இங்கே இருக்கிறது என்று நம்புகிறேன். அது கேட்பது மிகக் குறைவு. முழுவதும் ஒருவர் தலைக்குள் அடங்கும். நூலை வைத்தும் மடக்கை அட்டவணையை வைத்தும் ‘சி’யை வைத்தும் மறுபடி கட்டலாம். ஒவ்வொரு நகலிலும் புதிதாக ஒருவர் அதை முழுக்கப் புரிந்துகொண்டார். பெட்ஸ்வாலின் லென்ஸை நகலெடுத்தவர்கள் முதல் டேவிட் பக் வரை, பிறர் செய்ததைத் திறந்து பார்த்துத் தாங்களே திரும்பச் செய்தவர்களால்தான் இது வாழ்கிறது.

தமிழிலும் இந்த வகைக் கைவேலை உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் ‘நிரல்பாகம்’, ‘பின்கொடு’ என்று தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதலாம். அதன் நோக்கம் கணினியின் அடிமட்டத்தை ஆள்வதை விட மாணவர்களுக்குத் தாய்மொழியில் நிரல் கற்றுத்தருவது. ஆனால் ரே டிரேசர் கேட்கும் பட்டியல் எந்த மொழிக்கும் ஒன்றுதான்: நான்கு கணக்குகள், ஒரு வர்க்கமூலம், தன்னைத்தானே அழைக்கும் ஒரு ஃபங்ஷன், எண்களை எழுத ஒரு கோப்பு. நாளை நம் ஊர்க் கல்லூரி ஒன்றில் ஒரு மாணவி தன் சொந்தக் கம்பைலரை முடித்துவிட்டு என்ன எழுதிப் பார்க்கலாம் என்று யோசித்தால், என் பரிந்துரை கோளம்தான். அது சரியாக வந்தால் அவள் மொழி கணக்கும் போடும், நினைவும் வைத்திருக்கும், தன்னைத் தானே அழைத்துப் பத்திரமாகத் திரும்பியும் வரும் என்று அர்த்தம்.